பார்வைப் பாத்தியதை: பிரித்தானிய நிலமும் கலைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



பிரித்தானிய நிலம் அந்நாட்டின் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இசைப் படைப்பாளர்களுக்கும் எப்படி ஊக்கம் தந்தது என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இதைப் பேச எளிய வழி ஒன்று உண்டு. ஏரி மாவட்டத்தின் நீர்நிலைகளையும் யார்க்‌ஷயரின் புதர்மேடுகளையும் ஸ்காட்லாந்தின் மலைகளையும் வரிசையாகச் சொல்லி, நிலம் அழகாக இருந்தது, கலைஞர்கள் அதைக் கண்டு உருகினார்கள் என்று முடித்துவிடலாம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அழகுதான் காரணம் என்றால் அந்த ஏரிகளும் மலைகளும் 1720களிலும் அங்கேயே இருந்தன. அப்போது நாடு முழுவதும் சுற்றிவந்து நூல் எழுதிய டேனியல் டிஃபோ, வெஸ்ட்மர்லாந்து மலைகளைப் பாழும் பயங்கரமுமான பகுதி என்றே எழுதிச் சென்றார். எண்பது ஆண்டுகள் கழித்து அதே மலைகளைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். மலை மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

நிலத்தை முதற்பொருளாக வைத்துப் பாட்டைப் படித்துப் பழகிய அவை இது. திணைக் கோட்பாட்டில் அந்த நிலம் யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை. நான் இன்று பேசவிருக்கும் கலைகளில் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. 1604 முதல் 1914 வரை பிரித்தானிய நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவற்றின் மூலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அளந்து பிரித்துத் தனியுடைமை ஆக்கப்பட்டது. மிகப் பெரும்பகுதி 1750க்குப் பிறகு நடந்தது. அதற்கு முன் கிராமத்தில் சொந்த நிலம் இல்லாதவருக்கும் ஒரு பசுவை மேய்க்கவும், விறகு வெட்டவும், எரிக்கக் கரிமண் எடுக்கவும் பொதுவெளி இருந்தது. நாம் மந்தைவெளி என்றும் மேய்ச்சல் புறம்போக்கு என்றும் சொல்வதற்கு நெருக்கமான ஏற்பாடு அது. கையில் பத்திரம் இல்லை, ஆனால் அனுபவப் பாத்தியதை இருந்தது. வேலி வந்ததும் அது போயிற்று.

என் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன். அனுபவப் பாத்தியதை பறிபோன அதே தலைமுறைகளில், நிலத்தின்மேல் இன்னொரு வகை உரிமையைப் பிரித்தானியக் கலைகள் உருவாக்கின. உழவும் மேய்க்கவும் முடியாதவருக்கும் பார்க்கவும் கேட்கவும் நினைக்கவும் உள்ள அந்த உரிமையை நான் ‘பார்வைப் பாத்தியதை’ என்று அழைக்கிறேன். அது எப்படித் தோன்றியது, யாரை விட்டுவிட்டது, எப்படிச் சட்டமானது என்பதே இனிவரும் செய்தி.

1. ஓர் ஆற்றங்கரை, இரண்டு ஓவியங்கள்

சஃபோக், எசெக்ஸ் என்ற இரண்டு மாவட்டங்களுக்கு எல்லையாக ஓடுவது ஸ்டூர் ஆறு. அதன் கரையில் சட்பரி என்னும் ஊரில் பிறந்தவர் தாமஸ் கெயின்ஸ்பரோ. சுமார் 1750இல் அவர் வரைந்த ‘திரு, திருமதி ஆண்ட்ரூஸ்’ லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. புது மணமக்கள் ஓவியத்தின் இடது ஓரத்தில் ஒரு கருவாலி மரத்தடியில் இருக்கிறார்கள். கணவர் துப்பாக்கியோடு நிற்க, மனைவி நீலப் பட்டாடையில் அமர்ந்திருக்கிறார். மீதியெல்லாம் அவர்களுடைய நிலம். அறுத்த கோதுமைக் கட்டுகள் முன்னே நிற்கின்றன. தாள்கள் நூல் பிடித்தாற்போல் நேர்வரிசையில் இருப்பதால், அன்றைக்குப் புதுமையான விதைப்புக் கருவி அந்த வயலில் இறங்கியிருக்கிறது என்று தெரிகிறது. தூரத்தில் வேலிக்குள் ஆடுகள். விதைத்தவரோ அறுத்தவரோ கட்டியவரோ ஒருவர்கூட ஓவியத்தில் இல்லை. 1972இல் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் இந்த ஓவியத்தை எடுத்துக்கொண்டு, இவர்கள் இயற்கையை ரசிப்பவர்கள் அல்லர், நில உடைமையாளர்கள் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். அது வண்ணத்தில் எழுதிய கிரயப் பத்திரம்.

அதே ஆற்றில் சில மைல் கீழே, ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற ஊரில் 1776இல் பிறந்தவர் ஜான் கான்ஸ்டபிள். தந்தை தானிய வணிகர். ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் ஆலை நடத்தியவர். ஸ்டூர் ஆறு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் இயற்றி வெட்டிச் சீர்செய்த நீர்வழி. தானியமும் மாவும் அதன் வழியே சரக்குப் படகுகளில் போயின. குதிரைகள் கரையோரம் நடந்து படகுகளை இழுத்தன. கான்ஸ்டபிளின் ஓவியங்களை நாட்காட்டிகளில் பார்க்கும் நமக்கு அவை அமைதியான சிற்றூர்க் காட்சிகளாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவர் வரைந்தவை வேலைத்தளங்கள். 1815இல் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் ஃபிளாட்ஃபோர்டில் படகு கட்டுகிறார்கள். 1824இல் காட்சிக்கு வைத்ததில் ஒருவர் உடல் முழுதும் வளைத்து மடைக்கதவைத் திறக்கிறார். 1825இல் காட்சிக்கு வந்த ‘தாவும் குதிரை’ வீரத்தைக் காட்ட எழுந்த படமன்று. மாடுகள் பக்கத்து நிலத்துக்குப் போகாமலிருக்கக் கரைப்பாதையில் குறுக்குத் தடுப்புகள் வைத்திருந்தார்கள். படகுக் குதிரைகள் அவற்றைத் தாண்டுவதற்குப் பழக்கப்பட்டிருந்தன. தொழிலை அறிந்தவருக்கு மட்டுமே கண்ணில் படும் நொடி அது.

1821இல் ராயல் அகாடமியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற பெயரில் வைக்கப்பட்டு, இன்று ‘ஹே வெய்ன்’ என்று உலகம் அறிந்த ஓவியத்தில், உலர்புல் ஏற்றப் போகும் வெற்று வண்டி ஆற்றுக்குள் நிற்கிறது. இடப்பக்கம் வில்லி லாட் என்னும் குத்தகை உழவர் வாழ்ந்த வீடு. வலப்பக்கத் தொலைவில், கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவில், புல் அறுப்பவர்கள். ஏறத்தாழ ஆறடி அகலமுள்ள திரை அது. அந்நாளில் அவ்வளவு பெரிய திரை புராண, வரலாற்று நாயகர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு குத்தகைக்காரர் வீட்டையும் ஒரு வண்டியையும் அந்த அளவுக்கு உயர்த்தியது கான்ஸ்டபிளின் துணிவு. அவர் அதை ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரையவில்லை. முன்பு எடுத்துவைத்த குறிப்போவியங்களைக் கொண்டு லண்டனில் வரைந்தார். லண்டனில் விற்காத அந்த ஓவியம் 1824இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய்த் தங்கப் பதக்கம் பெற்றது.

இங்கே ஒரு மறுப்பு உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1980இல் ஆய்வாளர் ஜான் பாரெல் தம் நூலில் கேட்டார்: உழைப்பவர்கள் ஏன் இவ்வளவு சிறிதாக, முகம் தெரியாமல், தூரத்தில் நிற்கிறார்கள்? 1816இலும் 1822இலும் கிழக்கு ஆங்கிலியாவில் பண்ணைத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். வைக்கோற்போர்களும் கதிரடிக்கும் இயந்திரங்களும் அழிக்கப்பட்டன. அந்த நெருப்பின் சுவடுகூட ஓவியத்தில் இல்லை. கான்ஸ்டபிள் அரசியலில் பழமைவாதி என்பதும் மறைக்க வேண்டியதன்று. ஆனால் ஓவியரின் அரசியலும் ஓவியம் செய்த வேலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கெயின்ஸ்பரோவின் படத்தைப் பார்ப்பவர் அந்த நிலத்துக்கு விருந்தாளி. உடையவர் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கான்ஸ்டபிளின் படத்தில் நம்மைப் பார்க்க உடையவர் எவரும் இல்லை. அந்த வயல் யாருடையது என்று படம் சொல்லவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அந்த வட்டாரத்தைக் கோச்சு வண்டிப் பயணிகள் கான்ஸ்டபிளின் நாடு என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். பத்திரத்தில் இருந்த பெயர்கள் மறைந்து ஓவியரின் பெயர் நிலத்துக்கு வந்துவிட்டது.

2. வேலிக்குள் அகப்பட்டவர் பாடியது

உழைப்பவரின் முகம் ஓவியத்தில் இல்லையென்றால் அவர் குரல் வேறெங்காவது உண்டா என்று தேட வேண்டும். அந்தத் தேடல் ஜான் கிளேரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. நார்தாம்டன்ஷயர் மாவட்டத்தில் ஹெல்ப்ஸ்டன் என்ற ஊரில் 1793இல் பிறந்தவர், பண்ணைக் கூலி. 1809இல், அவருக்குப் பதினாறு வயதில், ஹெல்ப்ஸ்டனுக்கான வேலியடைப்புச் சட்டம் நிறைவேறியது. அளந்து, பங்கிட்டு, வேலி நட்டு முடித்து இறுதித் தீர்வு வெளியானது 1820இல். அதே 1820இல்தான் அவருடைய முதல் கவிதைத் தொகுதி லண்டனில் வெளிவந்தது. அதாவது அவர் கவிஞராக வளர்ந்த பத்து ஆண்டுகளும் ஊர் நிலம் அவர் கண்முன் கூறுபோடப்பட்ட பத்து ஆண்டுகளும் ஒன்றே. வேலி நடும் வேலையில் கூலியாளாக அவரும் ஈடுபட வேண்டியிருந்தது.

கிளேரின் நிலக்காட்சி மற்றவர்களுடையதைப்போல இல்லை. மேட்டில் ஏறி நின்று கீழே விரியும் பரப்பைப் பார்ப்பவர் அல்லர் அவர். குனிந்து, புல்லுக்குள் கூடு எங்கே இருக்கிறது, முட்டையின் புள்ளி என்ன நிறம் என்று பார்க்கிறவர். பறவைகளுக்கும் செடிகளுக்கும் ஊரார் வழங்கிய பெயர்களையே எழுதினார். வட்டார வழக்கையும் நிறுத்தக்குறி இல்லாத எழுத்தையும் பதிப்பாளர்கள் திருத்தியபோது வருந்தினார். மேட்டிலிருந்து பார்க்கும் பார்வைக்கு அந்தக் காலத்தில் ஓர் இலக்கணமே உருவாகியிருந்தது. வில்லியம் கில்பின் 1782இல் வை ஆற்றுப் பயணநூலை வெளியிட்டு, ஒரு காட்சி படம்போல அமைய முன்புறம், நடுப்புறம், தொலைவு எப்படி இருக்க வேண்டும் என்று கற்பித்தார். பயணிகள் கருமை பூசிய சிறு கண்ணாடியைக் கையில் பிடித்து, நிலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் விழுந்த பிம்பத்தை ரசித்தார்கள். ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னிந்தியாவுக்கு வந்தபோது அந்த இலக்கணத்தையும் கொண்டுவந்தார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படம் அப்படி உருவானது. கிளேருக்கு இந்த இலக்கணம் உதவவில்லை. அவர் நின்ற இடம் காட்சிக்கு வெளியே இல்லை.

அவருடைய மிகத் துணிவான செயல் ஒரு கவிதையில் நிலத்தையே பேசவைத்தது. ஊருக்குப் பக்கத்தில் சார்டி வெல் என்ற, பழங்காலத்தில் கல் வெட்டியெடுத்த பள்ளம். வண்டும் பூவும் மேயும் கழுதையும் இருந்த வெளி. வேலியடைப்பின்போது அது சாலைக்குக் கல் எடுக்க ஊராட்சியின் கைக்குப் போனது. அந்தப் பள்ளம் தன்மை ஒருமையில் தன் கதையைச் சொல்கிறது. ஊர் உதவியில் பிழைக்கும் ஏழைக்கு நேர்கிற அவமானம் தனக்கும் நேர்ந்ததென்று முறையிடுகிறது. மண்ணுக்கும் கூலிக்கும் ஒரே நிலை என்று கண்ட வேறொரு கவிஞரை அந்தத் தலைமுறையில் நான் காணவில்லை. அந்தக் கவிதை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1837 முதல் மனநலக் காப்பகம். 1841இல் எசெக்ஸ் காப்பகத்திலிருந்து புறப்பட்டுப் பசியோடு பல நாள் நடந்தே ஊர் திரும்பினார். அதே ஆண்டு நார்தாம்டன் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு 1864இல் அங்கேயே இறந்தார்.

3. உரிமையை வாய்விட்டுச் சொன்னவர்

பார்வைப் பாத்தியதை என்று நான் அழைப்பதை வெளிப்படையாக முதலில் சொன்னவர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். 1799இல் கிராஸ்மியரில் குடியேறிய அவர், 1810இல் வேறொருவரின் படத்தொகுப்புக்கு முன்னுரையாகப் பெயர் போடாமல் எழுதியதே பின்னர் ஏரி மாவட்ட வழிகாட்டியாக வளர்ந்தது. 1835இல் ஐந்தாம் பதிப்பு. அந்த நூலில் ஓடையைவிட அதிகமாக வீடுகளைப் பற்றிப் பேச்சு இருக்கிறது: கல்லின் நிறம், வெள்ளையடித்த சுவர்கள் மலைச்சரிவில் ஏற்படுத்தும் உறுத்தல், பணக்காரர்கள் வரிசையாக நட்ட லார்ச் மரங்கள். அந்த நிலத்தை உருவாக்கியவர்கள் சிறு உடைமையாளர்களான ஆட்டிடையர்கள் என்றும், அவர்கள் அழிந்துவருகிறார்கள் என்றும் அவருக்குத் தெரியும். 1800இல் வெளிவந்த ‘மைக்கேல்’ முழுவதும் கடனில் போகவிருந்த நிலத்தைக் காக்க முயன்ற ஓர் இடையரையும் கட்டி முடியாத ஆட்டுப்பட்டியையும் பற்றியது. அந்தத் தொகுதியைச் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற அரசியல் தலைவருக்கு அனுப்பி, இத்தகைய குடும்பங்கள் காக்கப்பட வேண்டும் என்று கடிதமும் எழுதினார். வழிகாட்டியின் இறுதியில்தான் அந்தக் கருத்து வருகிறது: பார்த்து மகிழத் தெரிந்த எவருக்கும் பாத்தியதை உள்ள, நாட்டுக்கே பொதுவான சொத்தாக அந்த வட்டாரம் கருதப்பட வேண்டும்.

அவருடைய பார்வை தனிமனிதப் பார்வையும் அன்று. டாஃபடில் மலர்களைத் தாம் தனியே அலைந்து கண்டதாகப் பாடியவர் அன்று தனியாக இல்லை. 1802 ஏப்ரல் 15இல் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் தங்கை டாரதி உடன் நடந்தார், அன்றைய காற்றையும் மலர்களின் அசைவையும் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கவிதை பிறந்தது அதற்கு ஈராண்டு கழித்து. அதில் மிகச் சிறந்த இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே ஒப்புக்கொண்டார். பார்த்ததைப் பொதுவில் வைப்பது அந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

அவரே 1844இல் தம் கருத்துக்கு எதிராக நின்றார். கெண்டலிலிருந்து விண்டமியர் வரை ரயில் பாதை போடத் திட்டம் வந்தபோது செய்தித்தாளுக்குக் கடிதங்களும் ஒரு சானட்டும் எழுதி எதிர்த்தார். லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை, அழகை உணரப் பயிற்சி வேண்டும் என்பது அவர் வாதம். நிலத்தின்மேல் எல்லார்க்கும் பாத்தியதை உண்டு என்றவர், வாசலில் தகுதிச் சீட்டுக் கேட்டார். இதைப் பிழை என்றே சொல்ல வேண்டும். முதியவரின் கவலை என்று மென்மையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே 1844இல் ஓவியர் டர்னர் ‘மழை, நீராவி, வேகம்’ ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். தேம்ஸ் ஆற்றின்மேல் மெய்டன்ஹெட் பாலத்தில் ரயில் வருகிறது, தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. டர்னர் ரயிலை நிலத்துக்குப் பகையாகவும் காட்டவில்லை, வாழ்த்தவும் இல்லை. மழையும் ஆறும்போல அதுவும் அங்கே இருக்கிறது. விண்டமியருக்கு 1847இல் ரயில் வந்து சேர்ந்தது. அதில் வந்து இறங்கியவர்களிடம் பின்னர் வருகிறேன்.

4. ஆளில்லாத மலைகள்

என் கருத்துக்கு எதிராக எழும் மிக வலிய வாதம் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. 1814 கோடையில் சதர்லாந்து மாவட்டத்தின் ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டும் என்று குடியானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்; அவர்கள் திரும்பி வராமலிருக்க வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கேலிக் மொழி பேசிய அம்மக்கள் கடற்கரைத் துண்டுநிலங்களுக்கும் பிறகு கனடாவுக்கும் போனார்கள். அதே கோடையில்தான் வால்டர் ஸ்காட்டின் முதல் நாவல் ‘வேவர்லி’ வெளிவந்தது. அதற்கு முன்பே, 1810இல், அவருடைய ‘ஏரியின் நங்கை’ என்ற நெடுங்கவிதை ஓராண்டுக்குள் 20,000 பிரதிகளுக்கு மேல் விற்று, அதன் களமான கேட்ரின் ஏரிக்குப் பயணிகளை வண்டி வண்டியாக அனுப்பியிருந்தது. ரோசினி அதை 1819இல் ஓபரா ஆக்கினார். ஷூபர்ட் 1825இல் அதன் பாடல்களுக்கு இசையமைத்தார். ஒருபக்கம் மலைகளிலிருந்து மக்கள் இறங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் ரசிகர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மெண்டல்சனின் ‘ஹெப்ரிடீஸ்’ இசையை இந்தப் பின்னணியில் கேட்க வேண்டும். இருபது வயது ஜெர்மானியர் 1829இல் நண்பருடன் ஸ்காட்லாந்துக்கு வந்தார். ஆகஸ்ட் 7 தேதியிட்டு வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தீவுகள் தம்மை எப்படிப் பாதித்தன என்று காட்ட, இசையின் தொடக்கத்தையே எழுதி அனுப்பினார். ஸ்டாஃபா தீவின் ஃபிங்கல் குகையை அவர் பார்த்தது மறுநாள். அன்று கடற்கொந்தளிப்பில் மயக்கம். ‘ஃபிங்கல் குகை’ என்றே பலரும் அழைக்கும் இசையின் முதற்கரு குகையைக் காண்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. கடலும் மேகமும் கொஞ்சம் கொடுத்தன. மீதியை ஸ்காட்டும், மெக்ஃபெர்சன் 1760களில் பழங்கவி ஒசியான் பெயரில் வெளியிட்ட பாடல்களும் கொடுத்திருந்தன. 1832இல் லண்டனில் முதன்முறை இசைக்கப்பட்ட அந்தப் படைப்பில் அலை உண்டு, காற்று உண்டு, தனிமை உண்டு. மனிதக் குரல் இல்லை. 1851இல் லாண்ட்சியர் வரைந்த கலைமான் ஓவியத்திலும் மனிதர் இல்லை. ஆட்டுப் பண்ணைகள் பலவும் வேட்டைக் காடுகளாக மாறிவந்த காலம் அது.

அப்படியானால் பார்வைப் பாத்தியதை என்பது பறித்ததை மறைக்கும் திரைதானே என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி ஆம் என்பதே என் பதில். அங்கே தனிமை என்று ரசிக்கப்பட்டது வெளியேற்றத்தின் விளைவு. ஆனால் அந்தப் பாத்தியதை வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகளுக்கும் உண்டு என்பதை 1954இல் சோர்லி மெக்லீன் காட்டினார். ராசே தீவில் 1911இல் பிறந்த கேலிக் கவிஞர் அவர். அத்தீவின் ஹாலைக் என்ற ஊர் 1850களில் காலி செய்யப்பட்டது. அந்த ஊர்ப் பெயரையே தலைப்பாகக் கொண்ட கவிதையில் பிர்ச் மரங்கள் அங்கே வாழ்ந்த பெண்களாகின்றன. போனவர்கள் எல்லாரும் ஊருக்குள் நடமாடுகிறார்கள். மெண்டல்சன் கேட்ட வெறுமையில் யார் இல்லாமற் போனார்கள் என்று பெயர் சொன்ன கவிதை அது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அணுகும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவதன் மேன்மை குறையாது. அதன் மௌனம் எதைப் பற்றியது என்று தெரியவரும்.

5. போர்க்களத்தில் ஆயர்நிலம்

1915இல் பிரித்தானிய அரசு ஒரு சுவரொட்டி அச்சிட்டது. கூரை வேய்ந்த வீடுகளும் பசுங்குன்றுகளும் உள்ள ஊரைப் போர்வீரர் ஒருவர் சுட்டிக்காட்டி, இதற்காகப் போரிட வேண்டாமா என்று கேட்பதாக அமைந்தது. படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் நகரத்துத் தொழிலாளர்கள். அந்தக் குன்றில் ஒரு முழம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. நூறாண்டுக் கலை வளர்த்த பார்வைப் பாத்தியதையை அரசு அன்று ஆள்சேர்ப்புக்குப் பயன்படுத்தியது. அந்தப் பார்வைக்கு நிலத்தை நேரில் அறிந்திருக்கவும் தேவைப்படவில்லை. ஏ. ஈ. ஹவுஸ்மனின் ‘ஷ்ரோப்ஷயர் இளைஞன்’ 1896இல் வெளிவந்த கவிதை நூல். லண்டனில் இருந்தபடி, தம் சிறுவயதில் மேற்கு அடிவானமாக மட்டுமே தெரிந்த மலைகளைப் பற்றி, இடக்குறிப்புகளில் பிழைகளோடும் எழுதியது. அதன் பாடல்களுக்கு இசையமைத்த ஜார்ஜ் பட்டர்வொர்த் 1916 ஆகஸ்ட் 5இல் சொம் போர்க்களத்தில் கொல்லப்பட்டார்.

இசைப் படைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் அந்தச் சுவரொட்டியின் பார்வைக்குச் சொன்ன மறுமொழியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1903 டிசம்பர் 4இல் எசெக்ஸின் இங்ரேவ் என்ற ஊரில், சார்லஸ் பொட்டிஃபர் என்னும் முதிய தொழிலாளி பாடிய பாட்டைக் கேட்டு எழுதிக்கொண்டதில் தொடங்கி, 800க்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர் அவர். கான்ஸ்டபிளின் படத்தில் தூரத்தில் தெரிந்த புல் அறுப்பவர்களின் குரலை இசை நெருங்கிப்போய்க் கேட்டது என்று இதைச் சொல்லலாம். போரில் மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டியில் வேலை செய்தார். 1922இல் அவருடைய ‘பாஸ்டரல் சிம்பொனி’ அரங்கேறியது. ஆயர்நிலச் சிம்பொனி என்ற தலைப்பைப் பார்த்து, இங்கிலாந்தின் மேய்ச்சல் வெளியும் மாடுகளும் என்றே பலர் நினைத்தார்கள். அது போர்க்கால இசை என்றும், பிரான்சின் எக்வாவ் பக்கத்தில் மாலைதோறும் வண்டியோடு ஏறிய மேட்டிலிருந்து கண்ட நிலம் அது என்றும் 1938இல் ஒரு கடிதத்தில் தெளிவுபடுத்தினார். இரண்டாம் பகுதியில் வரும் எக்காளத் தனியிசைக்கு, பயிற்சியில் சுரம் தவறிய ஒரு படைவீரரின் ஊதல் காரணம் என்பார்கள். பால் நாஷ் 1918இல் வரைந்த ‘புதிய உலகத்தைச் செய்கிறோம்’ ஓவியத்தில் இருப்பதும் நிலமே: குண்டுக் குழிகள், அடிமரக் கட்டைகள், அவற்றின்மேல் எழும் வெள்ளைச் சூரியன். சுவரொட்டி காட்டிய குன்றுக்கு எதிரே இந்த இரண்டும் நிற்கின்றன.

6. கலையிலிருந்து சட்டத்துக்கு

வேர்ட்ஸ்வொர்த்தின் கருத்து ஏட்டில் நின்றுவிடவில்லை. மான்செஸ்டர் நகரக் குடிநீருக்காகத் தேர்ல்மியர் ஏரியை அணைகட்டி உயர்த்த 1879இல் சட்டம் வந்தது, எதிர்த்தவர்கள் தோற்றார்கள். அந்தத் தோல்வி கற்பித்ததை வைத்து, கேனன் ரான்ஸ்லி, ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் மூவரும் 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் நிலப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். குழந்தைக் கதைகள் எழுதிப் படம் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அந்த வருமானத்தில் ஏரி மாவட்டத்தில் பண்ணைகள் வாங்கி, 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் டிரஸ்டுக்கு விட்டுச்சென்றார். ஹெர்ட்விக் ஆடுகள் அங்கே தொடர்ந்து மேய வேண்டும் என்பது அவர் நிபந்தனை. காட்சியைக் காப்பது போதாது, அதை ஆக்கும் தொழிலையும் காக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட அரிய மனிதர் அவர். 2017இல் ஏரி மாவட்டத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றபோது இயற்கைத் தலமாக அல்ல, பண்பாட்டு நிலமாகவே ஏற்றது.

ஆனால் பாத்தியதையைச் சட்டமாக்கும் வேகத்தைக் கொடுத்தவர்கள் வேர்ட்ஸ்வொர்த் அஞ்சிய அந்த ஆலைத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள்தான். 1932 ஏப்ரல் 24இல் மான்செஸ்டர் பக்கத்து இளைஞர்கள் ஏறத்தாழ 400 பேர், பறவை வேட்டைக்கென மூடிவைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். சால்ஃபோர்டைச் சேர்ந்த பதினேழு வயது ஈவன் மெக்கோல் அதைப் பாட்டாக்கினார்; வார நாளில் கூலி, ஞாயிற்றுக்கிழமையில் விடுதலை என்ற பொருளுள்ள அந்தப் பாட்டை மலையேறுபவர்கள் இன்றும் பாடுகிறார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம். 1951இல் கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் மாவட்டம் முதல் தேசியப் பூங்கா. 2000இல் மேட்டுவெளிகளிலும் பொதுவெளிகளிலும் நடக்கும் உரிமை. அழகை உணரப் பயிற்சி வேண்டும் என்ற வாதத்துக்கு அவர்கள் கால்களால் பதில் சொன்னார்கள்.

இந்த உரிமை இழந்ததற்கு ஈடாகுமா என்று கேட்டால், ஈடாகாது. நடக்கலாம், ஆனால் பசுவை மேய்க்க முடியாது. கவிஞரின் பெயரால் புகழ்பெற்ற ஊர்களில் விடுமுறை வீடுகளின் விலை ஏறி, அங்கே பிறந்தவர்கள் குடியிருக்க முடியாத நிலையும் வந்திருக்கிறது. ஆகவே பார்வைப் பாத்தியதையை முழு வெற்றி என்று நான் முன்வைக்கவில்லை. பறித்தவர்கள் சட்டத்தைக் கையில் வைத்திருந்த நாட்டில், பறிபோனவர்களின் பக்கம் மிஞ்சிய ஒரே ஆவணத்தைக் கலைகள் எழுதிவைத்தன. பின்வந்தவர்கள் அந்த ஆவணத்தைக் காட்டி ஒரு பகுதியையாவது மீட்டார்கள் என்பதே என் முடிவு.

கிளேர் பேசவைத்த சார்டி வெல் பள்ளம் அவருக்குப் பிறகும் கல் வெட்டியெடுக்கும் குழியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் குப்பை கொட்டும் இடமாயிற்று. இப்போது அது இயற்கைக் காப்பிடம். உள்ளூர் அமைப்பு ஒன்று அதைப் பராமரிக்கிறது. பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பார்க்க யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.